இரண்டாவது தட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. கர்க்கடக மாதத்து அடைமழை. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் நடுப்பகலிலேயே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுக்கும் மிளகும் நனைந்த சாக்கும் மணக்கிற கிடங்குச் சந்தின் கோடியில் சங்கரலிங்கத்தின் ஒர்க்‌ஷாப். அதற்குள் ஒரு வெள்ளை அம்பாசடர் தண்ணீர் சொட்டச் சொட்ட நுழைந்தது.

"பின்னாடி ஆக்சில்ல ஒரு சத்தம் மேஸ்திரி," என்றபடி இறங்கினான் ஷௌகத் அலி. சுள்ளிக்கல்காரன். போன மாதம்தான் வைப்பினில் யாரிடமோ அந்த வண்டியை வாங்கியிருந்தான். "நாளைக்குக் காலைல ஜலீலாவைப் பாலக்காட்டுல அவ உம்மா வீட்டுல கொண்டு விடணும். ஏழாம் மாசம். குதிரான் மலை ஏறி இறங்கணுமே! நீங்க சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

"முதல்ல உன் வாய்ச் சத்தத்தை நிறுத்து தம்பி. அப்புறந்தான் வண்டிச் சத்தம் கேக்கும்."

கொச்சி முழுக்கப் பேர் வாங்கிய காது அவருடையது. மற்றவர்கள் கழற்றிப் பார்த்துச் சொல்வதை அவர் கேட்டே சொல்லிவிடுவார். பின் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தகரத்தில் காதை ஒட்டிப் படுத்துக்கொண்டார். ஷௌகத் தோப்பும்படி வரை ஓட்டினான்.

மிதிக்கும்போது ஊளையிட்டால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. இந்தச் சத்தம் எதிலும் சேரவில்லை.

டொக்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டொக். வேகம் கூடியும் சத்தம் நெருங்கி வரவில்லை. இரும்பை இரும்பால் தட்டுகிற ஒற்றைத் தட்டு.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி எஞ்சினை அணைத்தார்கள்.

நின்ற வண்டியிலிருந்து வந்தது. டொக்.

அந்தத் தட்டைச் சங்கரலிங்கத்துக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அங்கே இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். வண்டிக்கு அடியில் செல்லப்பா, வெளியே ஜாக்கியோடு சங்கரலிங்கம். சந்தில் கைவண்டிகள் போடும் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஸ்பேனரால் ஆக்சிலில் தட்டிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால், பொறு. இரண்டு தட்டு என்றால், இறக்கு.

அன்றைக்கு ஒரு தட்டு கேட்டது. அடுத்தது வரத்தானே போகிறது என்று சங்கரலிங்கம் ஜாக்கியைத் திறந்துவிட்டார்.

அடுத்தது வரவில்லை. வண்டி செல்லப்பாவின் மேல் இறங்கியிருந்தது.

"ஜாக்கி தானா நழுவிடுச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல," என்று போலீசில் சொன்னார். செல்லப்பாவின் பெண்டாட்டி சீனியம்மாளிடமும் அதையே சொன்னார். மேஸ்திரி காதுக்கே கேட்கவில்லை என்றால் சத்தமே வந்திருக்காது என்று ஊர் நம்பியது. அவளும் நம்பினாள். ஒர்க்‌ஷாப்புக்கு எதிரிலேயே சாயாக்கடை போட்டுப் பிழைக்கிறாள்.

"என்ன மேஸ்திரி, என்ன சத்தம் அது?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. தாராளமா எடுத்துட்டுப் போ."

டொக்.

"பின்ன இது என்னவாக்கும்? வயித்துப் பிள்ளைக்காரிய உக்கார வைக்கப் போறேன். விளையாடாதீங்க மேஸ்திரி!"

வேறு வழியில்லை. பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். கியரில் போட்டார். இந்த நிலையில் இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அவர் சுற்றினார்.

அசையவில்லை.

"ஷௌகத்து, அந்தச் சக்கரத்தை விடுடே."

"நான் இங்கல்லே நிக்கேன்!" மழைக்கு அப்பால், சாயாக்கடையிலிருந்து குரல் வந்தது. "சேச்சி, மேஸ்திரிக்கு ஒரு சாயா."

சங்கரலிங்கத்தின் கைக்குள் இருந்த சக்கரம் மெல்லத் திரும்பியது.

அந்தப் பக்கம் யாரோ சுற்றினார்கள்.

டார்ச்சோடு அடியில் புகுந்தார். ஆயில் நாற்றம். ஆக்சில் மூடியில், உளியால் வெட்டிய இரண்டு கோடும் ஒரு புள்ளியும். திறந்து மூடிய ஒவ்வொரு ஆக்சிலிலும் செல்லப்பா போடும் அடையாளம். மட்கார்டின் உட்புறம் வெள்ளைப் பெயிண்ட் உரிந்த இடத்தில் கறுப்பு தெரிந்தது.

அன்றைய வண்டி கறுப்பு அம்பாசடர்.

வலது சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் நின்றன. ஆயில் ஊறிக் கறுத்தவை. இடது பெருவிரலில் நகம் இல்லை. செல்லப்பாவுக்கும் கிடையாது.

டார்ச்சை அங்கே திருப்பினார். பாதங்கள் இல்லை. அவை நின்ற இடத்துக்கு நேர் மேலே, சக்கரத்தைத் தாங்கும் ஆக்சில் குழாயில், முடி கனத்தில் ஒரு விரிசல். அதிலிருந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. குதிரான் இறக்கத்தில் அந்தச் சக்கரம் தனியே கழன்று போயிருக்கும்.

டொக். காதோரம். பொறு.

"கேக்குது செல்லப்பா!" சங்கரலிங்கம் அலறிவிட்டார். "அன்னைக்கும் கேட்டுச்சுடே! ஒரு தட்டுதான் தட்டினே. நான்தான் பொறுக்காம இறக்கிட்டேன்!"

இடது பக்கம் கிளாஸ் விழுந்து உடைந்தது. சூடான சாயா அவர் முழங்கை வரை ஓடி வந்தது.

அங்கே நின்றவை சீனியம்மாளின் பாதங்கள்.

"மூணு வருஷமா என் கையால சாயா வாங்கிக் குடிச்சீங்களேண்ணே," என்றாள். குரல் உயரவே இல்லை.

ஜலீலா மறுநாள் ரயிலில் பாலக்காடு போனாள். சங்கரலிங்கம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அன்று கேட்டதைக் கேட்டபடி சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, ஜாமீனில் வந்தார். வண்டிக்கு வேறு ஆக்சில் மாற்றினார். பழையதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து மழை விட்ட மத்தியானம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியும் இல்லை.

சுவரோரத்திலிருந்து வந்தது. டொக்.

இந்தத் தடவை பொறுத்து, இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தார்.

எதிர்க்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சீனியம்மாளின் கையும் அப்படியே நின்றிருந்தது.