தேனீக்களுக்கு மட்டும் மாலை

காலை ஆறு மணி ஆனதும் இசக்கியம்மாள் சாவியைத் திருகிச் சூரியனை உதிக்க வைப்பாள். செவ்வாய்க் கிரகத்தின் பாறைக்கடியில் இருந்த பூசணித் தோட்டத்தில் உடனே தேனீக்கள் கூட்டை விட்டுக் கிளம்பும்.

சூரியன் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது. கூரை முழுக்கக் கரிமப் படிகங்கள். தீப்பெட்டிக்குள் குச்சிகள் கிடப்பதுபோல் அவற்றின் மூலக்கூறுகள் ஒரே வாக்கில் படுத்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் வரும் ஒளியும் ஒரே திசையில்தான் அதிரும். இந்த ஒருதிசை ஒளியைப் பார்த்துத்தான் தேனீ நேரம் அறிகிறது. படிகங்களை மெல்லச் சுழற்றினால் போதும், அதற்குக் காலை, உச்சி, மாலை எல்லாம் வந்துவிடும். மனிதக் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நமக்கு எந்நேரமும் ஒரே வெளிச்சம்தான்.

இந்த மாதம் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. படிகங்களைச் சுழற்றாமல் காலை பத்து மணி நிலையிலேயே நிறுத்திவிட்டால் என்ன? நிறுத்தினார்கள். தேனீக்கள் ஓய்வே இல்லாமல் உழைத்தன, ஒரு பூ விடாமல் பிஞ்சு பிடித்தது. ஐந்தாம் நாள் இசக்கியம்மாள் செத்த தேனீக்களை முறத்தில் அள்ளி, மேலாளர் தியாகேசனின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுங்களுக்குப் பொழுதே சாய மாட்டேங்குது சார். வீட்டுக்குப் போகணும்னே தெரியாம பறந்து பறந்து சாவுது."

"புதுசா வளத்துக்கலாம்மா. மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் பண்றேன்."

நேரே போய்ப் படிகங்களை மாலைக்குத் திருப்பிப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். தேனீக்கள் கூட்டுக்குள் போய் அடைந்தன. பூட்டை உடைக்க ஆட்கள் வந்தார்கள். உடைத்தால் படிகங்கள் அப்பளமாக நொறுங்கிவிடும் என்பதால் திரும்பிப் போனார்கள். தியாகேசன் வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார்.

"வேலைய எடுத்துக்குங்க சார். சாவி மட்டும் கெடைக்காது."

அவளுக்கு அப்படியொரு நெஞ்சழுத்தம். மூன்று நாள் அவள் நகரவில்லை. தேனீ அண்டாத பூக்கள் உதிர ஆரம்பித்ததும் நிர்வாகம் இறங்கி வந்தது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. புதிய உத்தரவு கதவில் ஒட்டப்பட்டது: 'பொழுது சாய்ந்த பின் எந்தத் தேனீயையும் எக்காரணம் கொண்டும் வேலைக்கு அழைக்கக் கூடாது.'

மறுநாள் மாலை ஆறு மணிக்கு, கடைசித் தேனீயும் கூடு சேர்ந்தபின், ஜெயித்த சந்தோஷத்தோடு சோற்றுப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள் இசக்கியம்மாள். கதவைத் தாண்டுவதற்குள் மணிக்கட்டுத் திரை அதிர்ந்தது. தியாகேசன்தான்.

"கெளம்பிட்டீங்களாம்மா? தேனீங்க ஓய்வு பத்தி ஒரு சின்ன அறிக்கை. இன்னிக்கே வேணுமாம். நானும் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன்."

"அதுக்கென்ன சார், முடிச்சு அனுப்பிடறேன்."

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலைக்கு மேலே படிகங்கள் மாலை ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தன. அவள் கண்ணுக்கு வேலை செய்ய நல்ல வெளிச்சம் இருந்தது.