எண்ணெயில் ஊறிய பூண்டு

நன்றி சொல்லத்தான் எதிர்வீட்டுத் தையல்காரி போன் செய்தாள்.

"டீச்சர், பூண்டு பாட்டில் வந்து சேந்துச்சு. மறுபடி போட ஆரம்பிச்சிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா."

மடித்துக்கொண்டிருந்த துண்டு டீச்சரின் மடியிலேயே கிடந்தது. தம்பி மனைவி செத்து, உடலை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு பல் பூண்டுகூட எண்ணெயில் விழவில்லை. மிச்சமிருந்த பாட்டில்களையெல்லாம் சாக்கில் கட்டி, தம்பி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவளே குப்பை வண்டியில் போட்டாள். உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் வீட்டுக்குள் வந்தாள்.

"யாரு கொண்டாந்து குடுத்தா?"

"முகம் சரியாப் பாக்கலை. மழைக்குக் குடையைச் சாச்சுப் பிடிச்சிருந்தாங்க. அண்ணி குடுக்கச் சொன்னாங்கன்னு சொன்னாங்க. பேச்சுதான் கொஞ்சம் கொழகொழன்னு இருந்துச்சு. சளி போல."

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

அவள் உயிரோடிருந்தபோது ஊருக்கே பூண்டுக் கிறுக்கு பிடித்திருந்தது. யாரோ ஒருத்தி போன் வீடியோவில் செய்து காட்டினாள். உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு, இறுக மூடி, வெயில் படும்படி ஜன்னலில் வை, மாதக்கணக்கில் கெடாது, மருந்துக்கடைப் பக்கமே போக வேண்டாம் என்றாள். பார்த்தவர்களெல்லாம் போட்டார்கள். ஆனால் டீச்சரின் கைக்குத் தனிப் பேர் கிடைத்தது. மாலை வெயிலில் அவள் சமையலறை ஜன்னல் தங்கமாய் மின்னும். பாட்டில் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, 'அன்புடன் டீச்சர்' என்று தன் முத்துமுத்தான எழுத்தில் எழுதித் தொங்கவிட்டு, தெரு முழுக்கக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அவளை நாலு பேர் தேடி வந்தது அந்தப் பூண்டுக்காகத்தான்.

தம்பி மனைவி மட்டும் ஒருநாள் மெல்லச் சொன்னாள். "அண்ணி, இதை வெளிய வெச்சா விஷமாயிடுமாம். ஃப்ரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் தீத்துடணும்னு படிச்சேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றாள் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முள் தைத்த இடம் தைத்ததுதான்.

அடுத்த வாரம் ஒரு பாட்டிலில் நுரை கட்டியது. மூடி உப்பி, விரலால் அமுக்கினால் உள்ளே போய் மறுபடி எழும்பியது. டீச்சர் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். தூக்கிப் போட்டால் தம்பி மனைவி சொன்னது சரியென்று ஆகிவிடும். அதனால் மூடியைத் திறந்து, நுரையை வழித்துவிட்டு, அவள் முன்னால் வைத்தாள். "ரொட்டிக்கு இதைத் தொட்டுக்கோ." தம்பி அப்போது வீட்டில் இல்லை. தன் தட்டில் வேறு எதையோ போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் இமைகள் இறங்கின. பிறகு நாக்கு தடித்தது, பிறகு கை, பிறகு மூச்சு. பெரிய டாக்டர் வந்து, பாட்டிலில் அடைத்தது, எண்ணெயில் ஊற வைத்தது ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டார். தெரிந்தால் இப்போதே முறிமருந்து போடலாம் என்றார். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"எப்பவும் போல வீட்டுச் சாப்பாடுதான்" என்றாள் டீச்சர்.

நர்ஸ் பிறகுதான் சொன்னாள், இந்த நோயில் கண் திறக்க முடியாதே தவிர நினைவு தெளிவாக இருக்கும், காதில் எல்லாம் விழும் என்று.

போன் மறுபடி அடித்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரர்.

"டீச்சரம்மா, பாட்டில் வந்துச்சும்மா. வாசனையே ஆளைத் தூக்குது. பாருங்க, மருந்து விக்கிறவன் வீட்டுக்கே மருந்து."

"சாப்பிட்டாச்சா?"

"இல்லம்மா, மழைக்குக் கடையைச் சாத்திட்டேன். இப்பத்தான் எல்லாரும் உக்காந்திருக்கோம்."

சாப்பிடாதீர்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் வரை வந்துவிட்டது. கூடத்தில் தம்பி, நாற்காலியில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன்கா, ஏன் சாப்பிடக்கூடாது என்று கேட்பான். அந்தக் கேள்வி ஒரு நூல். இழுத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகும்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சரி, சாப்பிடுங்க" என்றாள்.

போனை வைத்ததும் தையல்காரியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஜன்னலைத் திறந்தாள். பொழுது சாயும் நேரம்தான் என்றாலும் மழை தெருவைச் சாம்பல் பூசி வைத்திருந்தது; கூரைகளிலிருந்து வழியும் நீரும் சாக்கடையின் களகளப்பும் சேர்ந்து ஒரே இரைச்சலாக இருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில், தெருவின் கடைசியிலிருந்து, கேட் தாழ்ப்பாள் ஒன்று திறந்து மூடுவது தனியாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, சற்றுக் கிட்டத்தில். ஈரக் காற்றில் பூண்டு மணம் வந்தது, பூண்டுக்குப் பின்னால் புளித்த, மூடி வைத்த, வெகுநாள் திறக்காத ஒரு வாடை. குடை ஒன்று தெரிந்தது. சாய்ந்த குடை. அதைப் பிடித்திருந்தவள் கால்களைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். ஒவ்வொரு கதவும் திறந்தது. எல்லோரும் சிரித்த முகத்தோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். டீச்சர் வீட்டுப் பண்டம் அல்லவா.

கத்தலாம். ஜன்னல் வழியாகக் கத்தினால் போதும், தெருவே கேட்கும்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது.

மூடியது.

பிறகு சத்தமே இல்லை. டீச்சர் வீட்டுக் கேட் திறக்கவில்லை. டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மழை. மழை மட்டும். போய்விட்டாள் என்று நினைத்தாள்.

"அக்கா." சாப்பாட்டு அறையிலிருந்து தம்பியின் குரல். "எனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தியா? சொல்லவே இல்ல."

ஓடினாள்.

தம்பி மேஜையில் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். முன்னால் பாட்டில். சிவப்பு ரிப்பன். மூடி திறந்திருந்தது. எண்ணெயில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.

அவனுக்குப் பின்னால் அவள்.

ஆஸ்பத்திரி அங்கி. தொண்டையில் குழாய் போட்ட ஓட்டை. வலது கையில் கரண்டி, நிறைய எண்ணெய், தம்பியின் தட்டுக்கு மேலே. அவன் நிமிரவில்லை. அவனுக்குத் தெரியவில்லை.

இடது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலால் தன் இமையைப் பிடித்து மேலே தள்ளினாள். உள்ளேயிருந்த கண் தெளிவாக இருந்தது. அது தம்பியைப் பார்க்கவில்லை. டீச்சரின் வாயைப் பார்த்தது.

கரண்டி அசையவில்லை. காத்திருந்தது.

ஒரே ஒரு சொல். டீச்சர் வாயைத் திறந்தாள்.

"என்னக்கா?" என்றான் தம்பி, தட்டைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

கரண்டி சாய்ந்தது.