அட்டைக்கு நன்றி சொன்னவன்

வட்டகொடை ஸ்டேசனில் அன்று மழை மேலிருந்து கீழே பெய்யவில்லை... பக்கவாட்டில் பெய்தது. குடை பிடித்தும் முழுக்க நனைந்திருந்த ஓர் இளைஞன், தேயிலை மலைக்கு எப்படிப் போவது என்று பிரேமினியிடம் புத்தகச் சிங்களத்தில் கேட்டான்.

கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க்கொண்டிருந்தவள், அவன் திணறி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"தமிழ்லயே கேளுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் காதுவரை சிவந்தான். பெயர் தரணிதரன், திருச்சிக்காரன். இந்த நாட்டையும் மக்களையும் நேரில் தெரிந்துகொள்ள வந்தவனாம். அந்தக் கண்கள்... எதைச் சொன்னாலும் விரிகிற கண்கள்! மலைக்குக் கூட்டிப்போகும் வழியெல்லாம் பிரேமினிக்கு நாக்கு அரித்தது.

"எப்பவுமே இவ்வளவு பனியாங்க?"

"இது மிச்சம். மத்ததெல்லாம் காலையிலயே சாக்குல கட்டி ரயில்ல ஏத்தியாச்சு. கொழும்புல வெயிலு ஜாஸ்தியில்ல?"

"அடேயப்பா!"

விரிந்தன கண்கள். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ வழுக்கியது...

"அட்டை கடிச்சா நன்றி சொல்லணுங்க. இல்லாட்டி வீடு வரைக்கும் வந்து கேக்கும்."

மலையில் அம்மா மீனம்மா அவன் உள்ளங்கையில் சீனி வைத்து நக்கச் சொன்னாள். அதை நக்கிக்கொண்டே பாலில்லாத வெறுந்தேத்தண்ணியைக் குடித்துச் சொக்கிப்போனான். அப்போதுதான் காலில் சுருக்கென்றது. காற்சட்டையைச் சுருட்டி, குனிந்து, பணிவாகச் சொன்னான்:

"ரொம்ப நன்றிங்க."

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்த சிரிப்பில், பக்கத்துத் தோட்டத்தார் திருவிழா தொடங்கிவிட்டதென்று வெளியே வந்து பார்த்தார்கள்.

"ஏய் மீனம்மா, ஒம் மக வேலதானே இது?"

தரணிதரன் பிரேமினியைப் பார்த்தான். கண்கள் இப்போது விரியவில்லை.

"அப்ப சீனியை நக்கச் சொன்னது?"

"அது நெசங்க..."

"உங்க ஊரைத் தெரிஞ்சுக்கத்தாங்க வந்தேன். நீங்க சொன்னது ஒண்ணு விடாம நம்பினேன்."

இறங்கிப் போய்விட்டான்.

"போய் ஒரு வார்த்த சொல்லுடி," என்றாள் அம்மா.

நானா? மன்னிப்பா? மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கீழே ரயில் ஊதியது. ரோஷம் யோசித்து முடிப்பதற்குள் கால்கள் குறுக்குப் பாதையில் பாதி தூரம் போயிருந்தன.

அவன் பெட்டி வாசலில் நின்றான்.

"மன்னிச்சிருங்க... ஒங்க கண்ணு விரியறத இன்னொரு தடவ பாக்கணும்னுதான் கத கதயா சொன்னேன். எனக்கு... ஒங்கள புடிச்சிருக்கு."

"இதையும் நம்பணுமா?"

பிரேமினி வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவளைக் கைவிடாத வார்த்தைகள்... ஒன்றுகூட வரவில்லை. இமையில் மழைத்துளி நின்றது. ரயில் மெல்ல நகர்ந்தது.

பையோடு குதித்தான் அவன்.

"நம்பிட்டேங்க. பொய்யா இருந்தா இந்நேரம் நாலு கதை சொல்லியிருப்பீங்க... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

அன்று சாயங்காலம் வரை பிரேமினி வாயே திறக்கவில்லை. வட்டகொடையில் இதைச் சொன்னால் மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.