குறுக்குக் கோடு இல்லாத பக்கம்

"கோகுலராஜுக்கு வேலை போகணும். அதுக்கு ஆதாரம் பிடிச்சுக் கொடுங்க, போதும்."

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே சாமுவேல் இதைச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் அவர். பின்னால் வந்த மகள் மோனிக்கா, அப்பாவுக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டாள்.

மெர்லிமாவ் கடைத்தெருவில், மோட்டார் சைக்கிள் கடையின் மேல்மாடியில் இருந்தது டெஸ்மண்டின் ஆபீஸ். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவியவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பாதி அறையை, ரோட் டேக்ஸ் புதுப்பித்துத் தரும் கோமளாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவள் தன் பாதியில் தன் வேலையை மட்டும் பார்ப்பாள் என்று நம்பியதுதான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்புக் கணக்கு.

"யாரு அந்த கோகுலராஜ்?" என்று முதலில் கேட்டது கோமளாதான்.

மோனிக்கா பதில் சொன்னாள். "முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்க்கா. நான் பாலர் கல்வி படிச்சேன். போன வருஷம் ஒரு செமஸ்டர் லீவ் எடுத்தேன். டிப்ரெஷன். டிரீட்மெண்ட் எடுத்து, திரும்பிப் போய், படிச்சும் முடிச்சிட்டேன். பெம்பான்ல ஒரு பாலர் பள்ளியில வர்ற திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும். நேத்து அந்தப் பள்ளியோட பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல இது வந்திருக்கு."

கைப்பேசியை மேசையில் வைத்தாள். அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தை யாரோ படம் பிடித்திருந்தார்கள். பெயர், மேலே பல்கலைக்கழக ஆபீஸின் ஊதா நிற முத்திரை, காரணம் என்ற இடத்தில் நோயின் பெயர், கீழே டீன் கையெழுத்துக்கான வெற்றுக் கட்டம். எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. படத்துக்குக் கீழே ஒரு வரி: 'இவங்களா நம்ம பிள்ளைங்களப் பார்த்துக்கப் போறாங்க?'

"பள்ளி நடத்துற பாட்ரீசியா டீச்சர் இன்னிக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வேலை உண்டா இல்லையான்னு அங்க தெரிஞ்சிடும். எனக்கு அதுக்கு முன்னால, என் பேப்பர் யார் கையில இருக்குன்னு தெரியணும் அங்கிள். இல்லேன்னா போற இடமெல்லாம் இது என் பின்னாலயே வரும்."

"யாருன்னு என்ன ஆராய்ச்சி?" சாமுவேல் குறுக்கிட்டார். "கோகுலராஜ் அந்த யூனிவர்சிட்டி ஆபீஸ்ல ஃபைல் பார்த்துக்கிற கிளார்க். போன வருஷம் பிள்ளைக்கு என்னன்னு கேட்டு நான் போய் நின்னேன். மக கையெழுத்து இல்லாம காட்ட முடியாதுன்னான். பெத்த அப்பனுக்குக் காட்டாதவன் ஊருக்கே காட்டிட்டான் லா!"

டெஸ்மண்ட் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்த விண்ணப்ப பாரம் மொத்தம் எத்தனை இருக்கு மோனிக்கா?"

"மூணு. ஒரிஜினல் ஆபீஸ்ல. இன்னொண்ணு என்னோடது. வாங்கிக்கிட்டதுக்கு அடையாளமா அதுலயும் முத்திரை அடிச்சு அப்பவே கொடுத்துட்டாங்க. வீட்டு அலமாரியில இருக்கு. அதை போட்டோஸ்டாட் எடுத்து ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல ஒண்ணு கொடுத்தேன்."

"கோடு போட்டியா?" என்றாள் கோமளா.

"போடாம கொடுப்பேனாக்கா?"

ஐ.சி. எனப்படும் அடையாள அட்டையின் நகலோ வேறு பத்திர நகலோ கைமாறும் முன்பு, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று நடுவில் எழுதிவிடுவது மலேசியாவில் விவரமானவர்களின் பழக்கம். கோமளா நாளொன்றுக்கு நாற்பது நகலில் கோடு இழுப்பவள். துள்ளிக் குதித்து எழுந்தாள்.

"அண்ணே, படத்துல கோடே இல்ல! அப்ப ஸ்காலர்ஷிப் நகல் இல்ல. ஆபீஸ்ல இருக்கிற ஒரிஜினல்தான். கோகுலராஜ் மாட்டிக்கிட்டான்!"

"பாதி சரி," என்றார் டெஸ்மண்ட். "ஐ.சி. நம்பர் மேல என்ன கிடக்கு, பாரு."

ஐ.சி. எண் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, வெளுத்த மெல்லிய ஓலைக்கீற்று ஒன்று கிடந்தது. அதன் முனை மடித்துச் செருகப்பட்டிருந்தது.

"காஞ்ச ஓலை. சுத்திலும் செம்பனைத் தோட்டம். யார் வீட்டுலதான் ஓலை இல்ல?" என்று கோமளா அதை ஒதுக்கிவிட்டாள்.

டெஸ்மண்ட் சாமுவேலைப் பார்த்தார். "அண்ணே, நீங்க இந்தப் பேப்பரை யாருக்காவது காட்டினீங்களா?"

"சத்தியமா இல்ல. வெளியாள் ஒருத்தனுக்கும் காட்டல."

மதியம் மூவரும் கோமளாவின் காரில் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். சாமுவேல் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவரை நேராகப் பெம்பானுக்கு அனுப்பிவிட்டார் டெஸ்மண்ட். கோகுலராஜுக்கு முப்பது வயதிருக்கும். கோமளா கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான்.

"மேடம், மாணவரோட ஃபைலை உங்களுக்குக் காட்ட முடியாது. அவங்க கேட்டா காட்டுவேன். பக்கத்துல யாரு நின்னு பார்க்கலாம்னும் அவங்கதான் எழுதிக் கொடுக்கணும்."

"சுசா லா, கஷ்டமான ஆளு இது!" என்று கோமளா முணுமுணுத்தாள்.

மோனிக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஃபைல் வந்தது. விண்ணப்பத்தின் மூலப்பிரதியில், முத்திரை விழுந்த அடுத்த நாள் தேதியிட்டு, டீன் பச்சை மையில் பெரிதாகக் கையெழுத்திட்டிருந்தார். ஃபைலைத் திறந்தவர்கள் பதிய வேண்டிய தாளில் டீனின் பெயரும் மோனிக்காவின் பெயரும்தான் இருந்தன. டெஸ்மண்ட் தலையசைத்தார்.

"நாலு மணிக்கு பெம்பான் வர முடியுமா தம்பி? உங்க பேரு அங்க அடிபடுது."

"வர்றேன் சார். வந்துதான் ஆகணும்."

பாலர் பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெரியவர்களுக்கு நாற்காலி போதாமல், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மார்பில் இடிக்க எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோகுலராஜைக் கண்டதும் சாமுவேலின் முகம் கறுத்தது. பாட்ரீசியா டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

டெஸ்மண்ட் அவசரப்படாமல் ஆரம்பித்தார். "இருக்கிறது மூணு பேப்பர். ஸ்காலர்ஷிப் நகல்ல குறுக்குக் கோடு உண்டு, படத்துல இல்ல. அதை விட்டுடலாம். ஆபீஸ் ஒரிஜினல்ல டீன் கையெழுத்து உண்டு, படத்துல அந்தக் கட்டம் காலி."

"கையெழுத்து விழறதுக்கு முன்னாலயே இவன் படம் எடுத்திருந்தா?" என்று சாமுவேல் கோகுலராஜைக் காட்டிக் கேட்டார்.

"நல்ல கேள்வி. எடுத்திருக்கலாம். அதனாலதான் நான் ஓலையைப் பார்த்தேன்." டெஸ்மண்ட் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினார். "மோனிக்காவைக் கெடுக்க நினைக்கிறவன் ஐ.சி. நம்பரை மறைக்க மாட்டான். ஸ்கேம்காரன் கையில சிக்கிடக் கூடாதுன்னு பயப்படுற ஆளுதான் மறைப்பான். இதை எடுத்தது மோனிக்கா மேல அக்கறை இருக்கிறவங்க."

கோமளாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அடுத்தது ஓலை. செம்பனை ஓலை இவ்வளவு மெலிசா, வெளுப்பா இருக்காது. இது குருத்து. குருத்தோலை ஞாயித்துக்கிழமை கோயில்ல கொடுக்கிறதை மடிச்சு சிலுவை பண்ணி பைபிளுக்குள்ள வைப்போம். என் பைபிள்லயும் ஒண்ணு இருக்கு. படம் எடுத்தப்ப பக்கத்துல பைபிள் இருந்திருக்கு. ஆபீஸ் கவுண்டர்ல யாரும் பைபிளோட உட்கார்ந்திருக்க மாட்டாங்க. மிச்சம் இருக்கிறது வீட்டு அலமாரியில இருக்கிற பேப்பர். வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு."

யாரும் சாமுவேலைப் பார்க்கவில்லை. அவரே பேசினார்.

"அது... ஜெபக்குழுவுக்குல்ல அனுப்பினேன்."

குரல் அவருடையது போலவே இல்லை. "ஒன்பது பேருதான். எல்லாம் நம்ம சபை ஆளுங்க. பிள்ளை சாப்பிடல, பேசல. அவ அம்மா இருந்திருந்தா அவளை விட்டுக் கேட்கச் சொல்லியிருப்பேன். ஆபீஸ்லயும் காட்டல. அலமாரியைத் திறந்து பார்த்தேன், பயந்துட்டேன். நோய் பேரைச் சரியாச் சொல்லி ஜெபிக்கணும்னு... அதுல ஒருத்தங்க பேரன் இங்கதான் படிக்கிறான்."

மோனிக்காவின் கண்கள் நிறைந்தன, ஆனால் குரல் உடையவில்லை. "என் பேரைச் சொன்னா கடவுளுக்குத் தெரியாதாப்பா? அவருக்கு பாரம் வேணுமா?"

சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், பாசம் இல்லாத மனிதர் இல்லை அவர். அந்தப் பாசம்தான் மகளை இந்தக் குட்டி நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

மோனிக்கா பாட்ரீசியாவின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், எனக்கு நோய் வந்துச்சு. டாக்டர்கிட்ட போனேன், இப்ப நல்லா இருக்கேன். வேலை செய்யத் தகுதி இருக்குன்னு டாக்டர் லெட்டர் வேணும்னா கொண்டுவர்றேன். அதுக்கு மேல என் ஃபைல்ல என்ன இருக்குங்கிறது என்னோடது. அதை நீங்களும் கேட்கக் கூடாது, பேரண்ட்ஸும் கேட்கக் கூடாது. இது ஒத்துவராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற இடம் தேடிக்கிறேன்."

பாட்ரீசியா சுவரோரம் இருந்த அலமாரியைக் காட்டினார். "இங்க படிக்கிற பிள்ளைங்களோட மெடிக்கல் பாரம் என்கிட்ட முப்பத்தாறு இருக்கு. அதுல ஒண்ணை எவனாவது இப்படிப் போட்டா நான் சும்மா இருப்பேனா? சனிக்கிழமை மீட்டிங்ல இதைத்தான் பேரண்ட்ஸ்கிட்ட கேட்கப் போறேன். நீ லெட்டரைக் கொண்டா. திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது."

கோமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

சாமுவேல் எழுந்து கோகுலராஜின் முன்னால் போய் நின்றார். "தம்பி, உன்னை ஊரெல்லாம் திட்டிட்டேன். மன்னிச்சிடுப்பா. நீ காட்டாததுதான் சரி."

"பரவாயில்லண்ணே. வெளியில வந்து நீங்க அழுததை நான் பார்த்தேன். அப்பவும் காட்ட முடியல," என்றான் அவன்.

சாமுவேல் கைப்பேசியை எடுத்து ஜெபக்குழுவைத் திறந்தார். லோரி ஸ்டீயரிங் பிடித்துத் தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். எழுதி முடித்ததும் விரலை அனுப்பும் பொத்தானிடம் கொண்டுபோனவர், சட்டென்று நிறுத்திவிட்டு, கைப்பேசியை மகளிடம் நீட்டினார்.

"அந்தப் படத்தை எல்லாரும் அழிச்சிடச் சொல்லி, உன்னைப் பத்தி எழுதியிருக்கேன்மா. படிச்சுப் பாரு. அனுப்பட்டுமா?"

மோனிக்கா நிதானமாகப் படித்தாள். நோயின் பெயர் வந்த வரியை மட்டும் அழித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப அனுப்புங்கப்பா."