முட்டிக்குள் ஏறிய இரும்பு

போன் அலறியது.

நாகேஷ் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினான். எட்டவில்லை. எழுந்து எடுக்கலாம் என்றால் முட்டி இரண்டும் பேச்சைக் கேட்டால்தானே… உருண்டு புரண்டு எடுத்தான்.

டாக்டர் ஐடா.

"நாகேஷ், உங்க ரத்தத்துல இரும்பு எக்கச்சக்கமா இருக்கு. இரும்பு மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களா?"

"இல்லியே டாக்டர்."

"அது மூட்டுல சேர்ந்தா குருத்தெலும்பு செல் எல்லாம் செத்துப் போகலாம். முட்டி தேஞ்சிடும். யோசிச்சு சொல்லுங்க."

கொலை… அதுவும் அவன் முட்டிக்குள்ளேயே!

எதிரே மனைவி வாணி, கூழ்ச் சொம்போடு நின்றாள். தினமும் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி, பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிக்கூண்டு கழுவுகிறவள்.

"கூழ்ல இன்னா கலந்தே வாணி?"

அவள் பொய் சொல்லவில்லை.

"இரும்பு மாத்திரை. பொடி பண்ணி."

"ஏண்டி?"

"எங்க லேப்ல எலிக்கு இரும்பு ஏத்துவாங்க. முட்டி தேஞ்சி மூலையில குந்திக்கும். உன்னையும் குந்த வெச்சேன். திருட்டுத் தங்கம் எடுக்க உன் அக்கா மவன் ரூபேஷ் கூட பாலகாட் ஷாஃப்ட்ல எறங்குறேன்னு நின்னியே… மூடிப்போட்ட சுரங்கத்துல நீ செத்தா நான் இன்னா பண்றது?"

அவளை அறையத் தோன்றியது. கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. உயிரைக் காப்பாற்றக் காலை முடக்கியவளை என்னதான் செய்வது?

மறுபடி போன். ரூபேஷ்.

"மாமா, ஷாஃப்ட்ல மண்ணு சரிஞ்சிடுச்சு. திலீப்பு உள்ள மாட்டிக்கினான்."

திலீப்… காலேஜுக்கு என்று காலையில் கிளம்பிய அவர்கள் மகன்.

"அவன் எதுக்குடா அங்க வந்தான்?" நாகேஷ் கத்தினான்.

"நீங்க வரலன்னீங்க. எங்கப்பாவுக்குப் பதிலா நான் வரேன்னு வந்தான். உயிரோடதான் கீறான், சத்தம் கேக்குது. ஆனா அவன் கீற மூணாவது லெவலுக்குப் போற பழைய வழி, அங்க வேலை செஞ்ச உங்களுக்குத்தான் தெரியும்."

"ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுடா."

"வந்துட்டாங்க. வழி தெரியாம மேலயே நிக்கிறாங்க."

"நான் வழி சொல்றேன்…"

"இருட்டுல தடவிப் போற வழி மாமா. போன்ல சொன்னா ஆவுமா?"

நாகேஷ் எழுந்தான். இரண்டே அடி. தடாலென்று விழுந்தான். வாணி அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

விழுந்து கிடந்த போனில் ரூபேஷ் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"முட்டி வலின்னு நடிச்சதெல்லாம் போதும் மாமா… எழுந்து ஓடியாங்க."