ஆரம்பம் இல்லாத பேச்சு

குப்பைக் கணக்கு நின்றுபோயிருந்தது. திரையின் வலது மூலையில் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும் எண் அது. இன்றைக்கு மதியம் புதிதாகப் பூஜ்யத்தில் ஆரம்பித்தது, அப்புறம் அசையவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பூஜ்யம். பூஜ்யமேதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விடுமுறை நாளில் வேலைக்கு வருகிற ஜென்மங்களுக்கு ஏசி எதற்கு என்று நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் துடைத்த தரையின் பினாயில் வாசனையும், யாரோ மிச்சம் வைத்த காபியின் புளித்த வாசனையும், சர்வர் அறைக் கதவிடுக்கிலிருந்து கசியும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாகக் கலந்து, கழுத்து வியர்வையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்காக இதே நாற்காலி, இதே முதுகுவலி. என்ன பிழைப்போ!

அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு காவல் வேலை. வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே உட்காரும் பெட்டிகளை அவள் கம்பெனி செய்தது. எந்தக் கருவி யாரோடு பேச ஆரம்பித்தது, பேச்சு இன்னும் நடக்கிறதா, முடிந்ததா என்று அந்தப் பெட்டி நினைவில் வைத்திருக்க வேண்டும். நடக்கிற பேச்சைச் சேர்ந்ததென்றால் போகவிடும். எந்தப் பேச்சிலும் சேராமல் அநாதையாக வருவதைக் குப்பை என்று தூக்கி எறியும். இத்தனை வருஷம் அதைச் செய்துவந்தது இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருக்கும் கெர்னல். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் வாயைத் திறக்காது. எத்தனை என்று மட்டும் எண்ணிக் காட்டும்; எதை எறிந்தது, ஏன் எறிந்தது, மூச்சு விடாது. அங்கே ஒன்று தடுக்கி விழுந்தால் பெட்டியே படுத்துவிடும். அதனால் அந்த வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, யூசர் ஸ்பேஸில், அதாவது மேலே சாதாரண புரோகிராம்கள் ஓடுகிற இடத்தில், நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் முடிவெடுத்தார். முடிவெடுப்பது அவர், முதுகு ஒடிவது இவளுக்கு.

முதல் சோதனை அவள் வீட்டுப் பெட்டியில், ஆபீஸிலிருந்தபடியே. வேறு யார் தலையில் கட்டுவாள், பாவம்? வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். எட்டு வயதாகியும் எல்லோருக்கும் பாப்பாதான். அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை மிதித்தபடியே ஒரு கண் பார்த்துக்கொள்வாள்.

மதியம் வேலையைக் கெர்னலிடமிருந்து மாற்றும் நேரத்தில் பாப்பா கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல கட் பண்ணிடாதம்மா, ப்ளீஸ்" என்று, ஆபீஸிலிருந்தே அவளோடு பேசுவதற்காக வாங்கி வைத்த ஹால் ஸ்பீக்கர் வழியாகக் கெஞ்சினாள். புதுப் புரோகிராம் எந்தப் பேச்சின் ஆரம்பத்தையும் பார்த்ததில்லை. நியாயப்படி எல்லாவற்றையும் குப்பை என்று எறிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வந்த உறுத்தலில், அவள் ஒரு சலுகை எழுதினாள்: நான் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பு, விடு. ஒரே ஒரு வரி. கார்ட்டூன் தடங்கல் இல்லாமல் ஓடியது. களைப்பில் அந்த வரியை எடுக்க மறந்துபோனாள்.

"என்னக்கா, பூஜ்யம் வந்தா ட்ரீட் குடுக்கணும். நீங்க இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க."

சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர். இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து தூங்காதவன். ஆபீஸே அவனைக் கொட்டாவி என்றுதான் கூப்பிட்டது.

"எங்க வீட்டுல குடிவந்த நாள்ல இருந்து குப்பை வந்துட்டே இருந்துச்சு. இன்னைக்கு எங்க போச்சு?"

"வர்றது நின்னிருக்கும். விடுங்கக்கா."

"நிக்கல. நான்தான் விட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அந்த ஒரு வரி இன்னும் அங்கேயே இருந்தது.

நடக்கும் பேச்சுகளைத் திரையில் விரித்தாள். டிவி, பாப்பாவின் டேப்லெட், ஹால் ஸ்பீக்கர், பெருமைக்கு வாங்கிய வாஷிங் மெஷின். அந்த வீட்டில் இணையத்தில் சேர்ந்தது அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. பெயரில்லை. ஆரம்பித்த நேரம் இருக்க வேண்டிய இடம் காலி. வெளியிலிருந்து வந்ததென்றால் எவனோ திருடன் என்று விட்டிருப்பாள். இது வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளேயிருந்து, ஹால் ஸ்பீக்கரோடு பேசிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் கெர்னல் வாயைத் திறக்காமல் எறிந்துகொண்டிருந்தது இதைத்தான்.

"சத்தம்தான் போகுது போல" என்றான் கொட்டாவி, தோளுக்குப் பின்னாலிருந்து. அவன் குரலில் தூக்கம் போய்விட்டிருந்தது. "கேட்டுப் பாருங்களேன்."

ஹெட்போனை மாட்டினாள். முதலில் அவள் வீட்டு மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் அதே பழைய மின்விசிறி. அதற்கு அடியில் ஃப்ரிட்ஜின் முனகல். அதற்கும் அப்பால், இரண்டு கதவு தாண்டி, தையல் மெஷின் விட்டுவிட்டு ஓடும் கடகடச் சத்தம். பிறகு ஒரு மூச்சு, நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்கள் உட்காரும்போது விடும் மூச்சு. பிறகு ஒரு பெண் குரல். வாக்கியத்தின் நடுவிலிருந்து.

"...அதனாலதான் பாப்பா எனக்கு லேட்டாச்சு. எத்தனை தடவ கூப்பிட்டேன் தெரியுமா? உன்கிட்ட வரவே விடல."

அவள் குரல். அவளுடைய அலுப்பு, வாக்கியம் முடியும்போது அவளுக்கு வருகிற அதே இழுவை. அவள் அந்த வார்த்தைகளை வாழ்நாளில் சொன்னதில்லை.

"அப்புறம்?" என்றாள் பாப்பா.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். சலுகை வரியை அழித்தாள். ஆரம்பத்தைப் பார்க்காத எந்தப் பேச்சையும் நம்பாதே. புரோகிராமை நிறுத்தி, மறுபடி ஓட்டினாள். திரை காலியானது. ஐந்தாவது போய்விட்டது. உயிர் போய் உயிர் வந்தது. கொட்டாவி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யாரோ விளையாடுறாங்கக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றான். நம்ப ஆசையாக இருந்தது.

முதலில் டிவி திரும்பி வந்தது. அப்புறம் ஸ்பீக்கர். அப்புறம் டேப்லெட்.

டேப்லெட்டுக்கு அடியில், அது.

இந்த முறை ஆரம்பம் இருந்தது. முறையான, குறை சொல்ல முடியாத ஆரம்பம். டேப்லெட்டிலிருந்துதான் அதற்கு அழைப்பு போயிருந்தது. பேச்சு பாதியில் அறுந்ததும், பாப்பாவே அதைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பாப்பா!" ஆபீஸிலிருந்து ஸ்பீக்கருக்குக் கத்தினாள். "பாப்பா, அம்மா பேசறேன், கேக்குதா?"

மூலையில் இருந்த எண் அசைந்தது. ஒன்று.

"பாப்பா!"

இரண்டு.

அவள் கூப்பிடக் கூப்பிட ஏறிக்கொண்டே போனது. மறுபடி ஓட்டிய காவல் அவள் பேச்சின் ஆரம்பத்தைப் பார்த்ததில்லை; அவள் எழுதிய காவலே அவள் குரலைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

தையல்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா?" மெஷின் சத்தம் நின்றது. "எதுக்கு போன்ல கூப்பிடுற? வீட்டுலதானே இருக்க?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன்க்கா."

"விளையாடாதம்மா. கதவச் சாத்திட்டு அம்மாவும் பொண்ணும் அப்பவே புடிச்சுப் பேசிட்டு இருக்கீங்க. இங்க வரைக்கும் கேக்குது உன் குரல்."

"தட்டுங்கக்கா. கதவைத் தட்டுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

செருப்புச் சத்தம். கதவு தட்டும் சத்தம். பிறகு போனில், கொஞ்சம் தள்ளி, அவளுக்கு நன்றாகவே தெரிந்த அந்த அலுத்த குரல். "என்னக்கா?"

"பாத்தியா, நீதான்" என்று சிரித்தாள் தையல்காரம்மா. போனை வைத்துவிட்டாள்.

கொட்டாவி ஏதோ சொன்னான். பைக் சாவியை நீட்டினான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சிக்னல்கள். ஹாரன். யாரோ திட்டியது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். மேலே போகப் போகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மெஷின் இல்லை, டிவி இல்லை. பேச்சு மட்டும். தாழ்ந்த குரலில், நிற்காமல். வார்த்தைகள் பிரியவில்லை. இழுவை மட்டும் புரிந்தது.

சாவியைப் போட்டாள். திருகினாள். கதவு ஒரு சாண் திறந்து நின்றது. உள்ளே சங்கிலி.

பேச்சு நின்றது.

சின்னக் காலடி ஓடி வந்தது. இடைவெளியில் பாப்பாவின் முகம். சௌக்கியமாக, சாப்பிட்டுச் சிரித்த முகம். அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"பாப்பா! சங்கிலிய எடுடா. அம்மா வந்துட்டேன்."

பாப்பா பார்த்தாள். முன்னே பின்னே தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை.

"யாரு பாப்பா வாசல்ல?" கேட்டது வெகு தூரத்திலிருந்து, வீட்டின் கடைசியில், சமையலறையிலிருந்து.

"தெரியலம்மா. யாரோ."

"நான்தான்டா. என்னைப் பாரு. என் தங்கம், நான்தான்டா அம்மா."

"நாங்க பேசிட்டு இருக்கோம்" என்றாள் பாப்பா, மரியாதையாக. "நீங்க அப்புறம் வாங்க."

அவள் விரல்களை இடைவெளியில் நுழைத்தாள். பாப்பாவின் கையைத் தொட்டுவிட்டாள், வெதுவெதுப்பான அந்தச் சின்னக் கையை. பாப்பா கையை இழுத்துக்கொண்டாள்.

பாப்பாவுக்குப் பின்னால் ஹால் இருட்டு. சோபா தெரிந்தது. சோபாவைத் தாண்டி நடை தெரிந்தது. நடையின் முடிவில் சமையலறைக் கதவு. அங்கே ஒரு உருவம் நின்றது, அவள் உயரத்தில், தலையைக் கொஞ்சம் சாய்த்து. அது நகரவில்லை. அங்கேயேதான் நின்றது.

கை மட்டும் வந்தது.

நடை முழுக்க. ஹால் முழுக்க. சுவரைத் தடவிக்கொண்டு, அவசரமே இல்லாமல், களைத்துப்போன கை. வந்து பாப்பாவின் தோளில் உட்கார்ந்தது. தட்டிக்கொடுத்தது.

பாப்பா அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே கதவைத் தள்ளிச் சாத்தினாள்.