காட்டிக்கொடுத்த மூச்சு

அவனுடைய இருமல் பதிவில் இல்லை.

இருமியது நன்றாக நினைவிருந்தது. காலையில் தாழிக் கூடத்தின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிந்தபோது நாற்பதாவது நொடியில் தொண்டை கரகரத்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் இருமிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டான். இப்போது தாழ்வாரத்து மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டால் குளிர்சாதனத்தின் முனகல் இருந்தது, விளக்குகளின் ரீங்காரம் இருந்தது, வாசலில் காவலாளி சாவிக்கொத்தைக் கை மாற்றிய சிணுங்கல் இருந்தது, ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த அந்தக் கூடத்தின் வாசனைகூடக் காது வழியே வருவதுபோல இருந்தது. நாற்பதாவது நொடியில் மட்டும் ஒன்றுமில்லை.

மூன்று முறை கேட்டான்.

அருங்காட்சியகத்துக்கு அன்று வார விடுமுறை. நடுப்பகல். கூடத்தின் நடுவில் பதினோரு தாழிகள், நெஞ்சு உயரம், என்றோ இறந்தவர்களை மடித்து உட்காரவைத்துப் புதைத்தவை. இப்போது காலி. ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, அதன் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஓசையை எடுத்துக் கோத்து ஓர் இசை. மறுநாள் காலை திறப்பு. சுவரில் பலகை மாட்டியாகிவிட்டது. அதில் ஒரே பெயர். அவனுடையது.

"செத்தவங்க பானைக்குள்ள மைக்கை விட்டு என்ன சார், பேட்டியா எடுக்கறீங்க?" என்று வேலை தொடங்கிய முதல் நாளே காவலாளி கேட்டிருந்தார். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவர் மச்சான். சிரித்தால் அவர் நெஞ்சும் சேர்ந்து விசிலடிக்கும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இருவரும் பன்னிரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஆஸ்துமாக்காரர். ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருக்கு 'ஊதல்' என்று பட்டப்பெயர். எதைப் பதிந்தாலும் அடியில் மெலிதாக அந்த ஊதல் கேட்கும். அவருக்கு அதில் கூச்சமே கிடையாது. "அது என் கையெழுத்து மாப்ள, அழிச்சிராத" என்பார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. மௌனம் பதிகிற அந்த ஒரு நிமிடம், கூரையே இடிந்து விழுந்தாலும் யாரும் அசையக் கூடாது.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், இதே கூடத்தில், தாழிகளின் இசை முழுக்கத் தன் யோசனை என்றும் பலகையில் அவன் பெயரை 'உதவி' என்று போடுவதாகவும் மச்சான் காலையிலேயே சொல்லிவிட்டார். கடைசித் தாழியின் மௌனத்தைப் பதிய அவர் உள்ளே போனார். அவன் தாழ்வாரத்தில், இதே மேசையில், ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். அவருடைய பை அவன் காலடியில் இருந்தது. இன்ஹேலர் பைக்குள் இருந்தது.

பதினைந்தாவது நொடியில் ஊதல் இறுகியது. இருபத்தைந்தில் அது ஊதலாக இல்லை.

அவன் அசையவில்லை. சட்டப்படிதான் நடந்துகொண்டான்.

மனைவியிடம், ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னான். அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: அண்ணன் சத்தம் எந்தப் பதிவிலாவது மிச்சம் இருக்கிறதா? இல்லை என்றான். அப்போது அது பொய். பிறகு அதை உண்மையாக்கினான்.

பதிவிலிருந்து ஒரு சத்தத்தை நீக்க, முதலில் அந்தச் சத்தம் மட்டும் தனியாக இருக்கும் ஒரு துண்டைக் கணினிக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். இதுதான் வேண்டாதது என்று. அது கற்றுக்கொண்டு, எங்கெங்கே அது இருக்கிறதோ அங்கெல்லாம் தேடி எடுத்துவிடும். அவர்கள் தொழிலில் இதற்குக் காட்டிக்கொடுப்பது என்று பெயர். மச்சானின் கடைசி நிமிடத்தில்தான் மூச்சு மிகத் தெளிவாக இருந்தது. அதையே காட்டிக்கொடுத்தான். பதினோரு தாழிகளிலிருந்தும் அவர் போனார். பிறகு அந்த நிமிடத்தையும் அழித்தான். மூச்சை எடுத்த இடங்களில் இசையில் குழி விழுந்திருந்தது. குழிகளை நிரப்பத்தான் இன்று கூடத்தின் மௌனம் தேவைப்பட்டது.

வயர்களைச் சரிபார்த்தான். பதிவை ஓடவிட்டு, தாழிகளுக்கு நடுவே நின்று சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். வந்து கேட்டான். குளிர்சாதனம். விளக்கு. தூரத்தில் காவலாளியின் செருப்பு. எண்கள் இல்லை.

மைக் கெட்டிருந்தால் செருப்பு எப்படிக் கேட்கும்?

மறுபடி பதிவை ஓடவிட்டு உள்ளே போனான். பாதி வழியில் நின்றான். கல் தரை, தோல் காலணி. இந்தக் கூடத்தில் நடந்தால் நாலு சுவரும் திருப்பிச் சொல்லும். இப்போது எதுவும் சொல்லவில்லை. காலை ஓங்கித் தரையில் அடித்தான். குதிகால் வலித்தது. அவ்வளவுதான்.

கை தட்டினான். உள்ளங்கை எரிந்தது.

சத்தம் இல்லை.

காவலாளியைக் கூப்பிட வாய் திறந்தான். தொண்டை அதிர்ந்தது. அவர் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். திரும்பவில்லை. பிறகு வாசல் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"வாங்கம்மா. சார் உள்ளதான் இருக்கார். சத்தமே காணோம், வேலையா இருக்கார் போல."

மனைவி. திறப்புக்கு முன்பே தனியாக ஒரு முறை கேட்கவேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள்.

அவளைப் பார்த்துக் கத்தினான். அவள் கண்ணில் பட்டது, வாய் திறந்து அசையாமல் தாழிகளுக்கு நடுவே நிற்கும் கணவன்; மேசையில் ஓடிக்கொண்டிருக்கும் பதிவு. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் சட்டம் தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நுனிக்காலில் வந்து தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

அவளை நோக்கி ஓடினான். நாலு எட்டு. அதற்குமேல் மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை முறுக்கிக் கட்டுவதுபோல இருந்தது. உள்ளே இழுத்த காற்று தொண்டையிலேயே நின்றது. அவனுக்கு ஆஸ்துமா கிடையாது. ஒரு நாளும் வந்ததில்லை.

முழங்கால் தரையில் பட்டது. ஓசையில்லாமல்.

அப்போதுதான் கேட்டது. கூடத்தில் மிச்சமிருந்த ஒரே சத்தம். அவள் காதிலிருந்த ஹெட்போனின் விளிம்பு வழியே கசிந்தது. ஊதல். அவன் அழித்த நிமிடம்.

"மாப்ள… பை…"

அவள் முதுகு நிமிர்ந்தது.

"பை… மாப்ள… கேக்குதா?"

அவள் மெதுவாகத் தலை தூக்கினாள். அவனைப் பார்த்தாள். மேசைக்கடியில், தன் காலருகே இருந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். கண்ணில் நீர் வழிந்தது. உதடு நீலம் பாய்ந்தது.

அவள் கைகள் ஹெட்போனுக்குப் போயின. கழற்றவில்லை. காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"என்னம்மா, சார் ஏன் கீழ உக்காந்திருக்கார்?" என்றார் காவலாளி.

அவள் உதட்டின்மேல் விரல் வைத்தாள்.

"பதிவு ஓடுது," என்றாள், மிக மெதுவாக. "ஒரு நிமிஷம். யாரும் அசையாதீங்க."

காவலாளி அப்படியே நின்றார்.

மேசையிலிருந்த கணினித் திரையில் பதினோரு பச்சைக் கோடுகள் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்ந்தன. பதினோரு தாழிகளுக்குள்ளும் ஒருவர், எந்த அவசரமும் இல்லாமல், ஊதலே இல்லாமல், ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கோடுகளுக்கு மேலே நொடி எண். நாற்பது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது.

நாற்பது.